வாய்க்காலுக்கு மேல் கார் விட்ட வரைபடம்

கட்டட அனுமதிப் படிவங்களோடு பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவனிடம் வேலிக்கும் பல்கனிக்கும்தான் ஆலோசனை கேட்பார்கள். தாய்லாந்துத் தோட்டம் ஒன்றுக்காக என்னிடம் வந்தவர் ஒருவர்தான். சுவிஸில் பேர்ண் நகர ஆஸ்பத்திரிச் சமையலறையில் என் மனைவியோடு வேலை செய்யும் தாய்லாந்துப் பெண்.

பாங்கொக் நகரின் ஓரத்தில் அவருடைய குடும்பத்துக்கு ஒரு டுரியான் பழத்தோட்டம். சுற்றிவர அடுக்குமாடிகள் வந்துவிட்டன. தோட்டத்தைப் பார்க்கும் அண்ணன் அலுத்துப்போய் விற்க நிற்கிறார். ஆட்கள் வந்து மரங்களைப் பார்த்து, நிழலில் சாப்பிட்டுப் போகும் இடமாக்கினால் தோட்டம் பிழைக்கும் என்பது தங்கையின் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அண்ணனுக்குக் காட்ட ஒரு வரைபடம் வேண்டும்.

"இவர் கீறித் தருவார். வீட்டிலை சும்மாதானே இருக்கிறார்" என்று மனைவி என்னை இரவல் கொடுத்தாள்.

கீறினேன். அவர் தந்த தோட்டப் படத்தின் மேலேயே சாப்பாட்டுக் கொட்டகை, கழிவறை, அவசர வழி, பன்னிரண்டு கார்களுக்குத் தரிப்பிடம். தரிப்பிடம் இல்லாத விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தை நான் புரட்டியதே இல்லை.

அந்தப் பெண் தாளில் விரல் வைத்தார். "இங்கே இருந்த தண்ணீர் எங்கே?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"மூடிவிட்டேன். கார் விட."

மரங்கள் நிற்பது மண் மேடுகளில். மேடுகளுக்கு நடுவே வாய்க்கால். வருடாவருடம் வாய்க்காலின் அடிச்சேற்றை அள்ளி மரத்தடியில் போடுகிறார்கள். இதையெல்லாம் பொறுமையாக விளக்கிவிட்டு, "மரம் செத்தபிறகு கார்க்காரர் எதைப் பார்ப்பார்கள்?" என்றார்.

"பார்க்கிங் இல்லாட்டி இவர் சொர்க்கத்துக்கும் அனுமதி குடுக்கமாட்டார்" என்றாள் மனைவி.

"அப்படியானால் உள்ளே எப்படிப் போவது?" என்று கேட்டேன்.

"படகில்தான். பழம் இறக்குவதும் அதில்தானே."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாய்க்கால் எவ்வளவு அகலம்? மதகை யார் திறப்பது? இரண்டு படகுகள் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது? கேட்டுக் கேட்டுப் புதிதாகக் கீறினேன். வாய்க்கால்களே பாதைகள் ஆயின. கார்கள் பக்கத்துக் கோயில் வளவில் நின்றன, கோயிலின் எழுத்துமூலச் சம்மதம் பெறவேண்டும் என்ற குறிப்போடு.

ஞாயிறு அண்ணனின் முகம் திரையில் வந்தது. வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தாய்லாந்து மொழியில் சத்தம் போட்டார்.

"வேண்டாமாமோ?" என்று மனைவி கவலைப்பட்டாள்.

"கழிவறையைப் பெரிய மரத்துக்குப் பக்கத்தில் வைக்க விடமாட்டாராம்" என்றார் தங்கை. "வாசலுக்குக் கொண்டுபோக வேண்டுமாம்."

நான் அழிறப்பரைத் தேடினேன். கழிவறை எங்கே வரவேண்டும் என்று சண்டை பிடிப்பவர் காணியை விற்றதாக என் அலுவலகத்தில் ஒரு கோப்பும் இருந்ததில்லை.