வகுபடாத டிக்கெட்

சூடேறிய பிரேக்கின் கருகல் வாடை எங்கே அடித்தாலும் எனக்குள் ஓர் எண் எழுந்து நிற்கும்: 104729. கொல்லிமலையிலிருந்து இறங்கிய பஸ்ஸில் சித்திக்குக் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டின் எண்.

சித்தி, அம்மாவின் தங்கை. மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் ஊரிலிருந்து கணக்குப் படிக்கக் கீழே போகும் முதல் பெண். எனக்கு ஒன்பது வயது. அவளை வழியனுப்ப அடிவாரம்வரை வருகிறேன் என்று கூட வந்த அப்பா நினைத்தார். நான் போனதோ அவளைத் திருப்பிக் கூட்டிவர. தாவணியை விடாமல் அழுத என்னிடம் அவள் பந்தயம் கட்டினாள்.

"இந்த நம்பரு இதவிடச் சின்ன நம்பரு ஏதாச்சும் ஒண்ணால மீதியில்லாம வகுபட்டா உங்கூடவே திரும்பி வாரேன். ஒண்ணு கணக்குல வராது. வகுபடலைன்னா அழுவாம அனுப்பி வெக்கோணும். சரியா கண்ணு?"

சரியென்றேன். அத்தனை பெரிய எண் உடையாமலா போகும்!

பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு பகா எண்ணாக, கண்ணை மூடி வகுத்துக்கொண்டே வந்தாள். தாளில்லை, பென்சிலில்லை. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று. பஸ் சாய்ந்தது, சீட்டுக்கடியில் பலாப்பழங்கள் உருண்டன. அவள் உதடு மட்டும் அசைந்தது. ஆறாவது வளைவில் பதின்மூன்று.

"மீதி ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணுதானுங்க சித்தி, உட்டுருங்க!"

"உட்டா அது வேற நம்பரு ஆயிருமே சாமி."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஏம்புள்ள, டிக்கெட்டுக்கு மந்திரிக்கறயா? அது செல்லும், பயப்படாத!"

அவள் சிரிக்கக்கூட இல்லை. வளைவுகள் கழன்றுகொண்டே போயின. எண்கள் ஒவ்வொன்றாக வந்து மோதித் திரும்பின. அறுபத்தாறாவது வளைவில் முந்நூற்றுப் பதினேழு. மீதி நூற்றுப் பத்தொன்பது. கண்ணைத் திறந்தாள்.

"முடிஞ்சுது. இது எதாலயும் வகுபடாது."

"இன்னும் நாலு வளைவு இருக்குதுங்களே!"

"இனிப் பாக்க வேண்டியதில்ல."

ஏமாற்றுகிறாள் என்றே நினைத்தேன். முந்நூற்றுப் பதினேழுக்கு மேலுள்ள பகா எண் ஒன்று இதை வகுத்தால், ஈவு அதைவிடச் சிறியதாகத்தான் வரும், அந்தச் சிறியது முன்பே அகப்பட்டிருக்கும் என்பது புரிய எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. புரிந்த பிறகு ஒருநாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து அந்த அறுபத்தாறு பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. ஆடும் பஸ்ஸில் அவள் சொன்ன முடிவில் ஒரு பிசகும் இல்லை.

அடிவாரத்தில் நாமக்கல் பஸ் புறப்பட நின்றது. அப்பா பெட்டியை ஏற்றினார். பந்தயத்தில் ஒத்துக்கொண்டபடி நான் அழவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு, "போறதுலயே குறியா இருந்தீங்க," என்றேன். ஜன்னல் வழியே கை நீட்டி என் தலையைத் தொட்டாள். ஜெயித்தவளுக்குக் குரல் ஏன் உடைகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒவ்வொரு வளைவுலயும் வகுபட்டுறாதான்னுதான் கண்ணு நானும் பாத்தேன்."