அப்பாவின் மூடாத வலக்கண்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களில் பலர் அன்று ஆரியசாலை வீட்டுக்கு வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தவர்கள். வலக்கண் பாதி திறந்திருந்ததைப் பார்த்து, "ஏதோ ஆசை தீராமப் போயிருக்காரு" என்று பேசிக்கொண்டீர்கள். ஊர் வீட்டைப் பாகம் பிரிக்காததுதான் காரணம் என்றார் ஒருவர். எனக்கு இரண்டாவது பிள்ளை பிறக்காததுதான் என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு ஆசையை அப்பாவின் கண்ணில் ஏற்றிவிட்டீர்கள். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. இன்று சொல்கிறேன்.

அப்பா பிறந்தது தக்கலைக்குப் பக்கத்தில். பதினேழு வயதில் வலக்காதுக்குக் கீழே கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். முகத்து நரம்பு கட்டியோடு ஒட்டிக்கிடந்ததால் அதையும் வெட்ட வேண்டியதாயிற்றாம். உயிர் தப்பியது, முகத்தின் வலப்பக்கம் அசைவற்றுப் போனது. குடித்த டீ வாயோரம் வழியும். சிரித்தால் இடக்கன்னம் மட்டும் சிரிக்கும். வலக்கண் அன்றிலிருந்து தானாக மூடியதே இல்லை.

பிழைக்கத் திருவனந்தபுரம் வந்தவருக்கு ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் வேலை கிடைத்தது. மூடாத கண்ணுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள், மிளகாய் வத்தல் மூட்டை! முதலாளி கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, அப்பா கேட்காமலேயே கருப்பட்டிப் பக்கம் மாற்றினார். அங்கே வேறு தொல்லை. சரக்கு எடுக்க வந்த ஒருவர், பேசும்போது இடப்பக்கம் கோணிய வாயைப் பார்த்து, "வில கேட்டா எதுக்குவே இளிக்கேரு?" என்று சண்டைக்கு வந்திருக்கிறார்.

"இது பாதிதான் அண்ணாச்சி. மூட்டைய எடுங்க, மீதியும் சிரிக்கேன்" என்றாராம் அப்பா.

கடையில் இப்படிப் பேசியவர் வீட்டுக்கு வந்தால் சுருண்டுவிடுவார். கண் காய்ந்து எரிய, ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு புரண்டபடி கிடப்பார். இரவில் களிம்பு போட்டு, இமையை மெதுவாக இழுத்து மூடி டேப் ஒட்டச் சொன்னார் கண் மருத்துவர். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். ஒட்டி முடிக்கும்வரை அப்பா புலம்புவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து போனவர், கல்யாணப் பந்தியில் வெறித்துப் பார்த்தவர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். ஒருநாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கண்ண மூடுத நேரத்துல அவனுவள எதுக்கு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வாறிய? மொகத்தப் பாத்து நல்லா பேசுன ஒருத்தரு பேரச் சொல்லிட்டுப் படுங்க."

"இன்னைக்கு ஒருத்தனும் இல்ல."

"அப்பம் எனக்க பேரச் சொல்லுங்க."

அப்படித் தொடங்கியது அந்தப் பழக்கம். ஒவ்வொரு இரவும் யாராவது ஒருவரை நன்றியோடு நினைத்துவிட்டுத்தான் அப்பாவின் கண் மூடும். களிம்பு வேலை செய்ததா, பெயர் வேலை செய்ததா, எனக்குத் தெரியாது. அப்பா விடியும்வரை தூங்கத் தொடங்கினார். அம்மா காலமான பிறகு டேப் என் கைக்கு வந்தது. "இன்னைக்கு யாரு அப்பா?" என்று கேட்டபடியே ஒட்டுவேன்.

கல்யாணமாகி நான் நகரின் மறுகோடியிலுள்ள கழக்கூட்டத்துக்குக் குடிபோனதும் கண்ணாடியைப் பார்த்துத் தானே ஒட்டப் பழகிக்கொண்டார். ஞாயிறுதோறும் கருப்பட்டியோடு எங்கள் ஃப்ளாட்டுக்கு வருவார். விளக்கு வைக்கும் முன் கிளம்பிவிடுவார். எவ்வளவு கெஞ்சியும் தங்கியதில்லை.

"நான் ஒறங்குறதப் பாத்தா பிள்ள பேடிச்சிரும் மக்ளே" என்பார். தூக்கத்தில் டேப் கழன்று கண் திறந்துகொண்டால் என் மகள் பயந்துவிடுவாளாம். இதற்காகவே அவர் எந்தச் சொந்தக்காரர் வீட்டிலும் இரவு தங்கியதில்லை. அதைத் தலைக்கனம் என்று நினைத்தவர்களும் உங்களில் உண்டு.

ஒரே ஒரு முறை மழை அவரைத் தங்கவைத்தது. நெடுஞ்சாலையெல்லாம் தண்ணீர், பஸ் இல்லை. என் கணவர் நனைந்துகொண்டே மெடிக்கல் ஷாப்புக்குப் போய் டேப் வாங்கி வந்தார். நான் அடுக்களையை ஒதுக்கிவிட்டு வந்து பார்த்தால், அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதும் அவரே.

"நோவுதா மாமா?"

"இல்ல மருமவனே, நல்லா அமுக்கி ஒட்டும்."

நான் வாசலில் நின்றபடி, "இன்னைக்கு யாரு அப்பா?" என்றேன்.

"இதென்ன கேள்வி!" என்று இடக்கன்னத்தால் சிரித்தார்.

காலையில் போய்ப் பார்த்தேன். டேப் கழன்று தலையணையில் கிடந்தது. என் மகள் எப்போதோ எழுந்துவந்து தாத்தாவின் வலப்பக்கத்தில் ஒட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா விழித்து, அவளை எழுப்பிவிடாமல் அசையாது கிடந்தார். "பிள்ள பேடிக்கல்லியே மக்ளே" என்றார் மெதுவாக. கிளம்பும்போது, நான் கேட்காமல் அவராகவே சொன்னார்: "அடுத்த ஞாயிறும் இங்கதான் கெடப்பேன்."

அந்த வாரமே வியாழக்கிழமை மத்தியானம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. கழக்கூட்டத்திலிருந்து நெரிசலில் ஊர்ந்து நான் வந்து சேர்வதற்குள் கண்ணைப் பற்றிய பேச்சு வீடு முழுக்கப் பரவியிருந்தது. அலமாரியிலிருந்து டேப்பை எடுத்து ஒட்டினேன். "இனி எதுக்கு மக்ளே?" என்றார் பெரியம்மா. பழக்கத்தில் என் வாய், "இன்னைக்கு யாரு அப்பா?" என்று கேட்டுவிட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்று அப்பா சொல்லாமல் போனதை நான் சொல்கிறேன். வத்தல் தூசியிலிருந்து அவரை மாற்றிய முதலாளியின் குடும்பத்துக்கும், வலக்கண்ணில் காற்று அடிக்காத சீட்டாகப் பார்த்து "அண்ணா, இவிட இரி" என்று உட்காரவைத்த கண்டக்டருக்கும், கண் மருத்துவருக்கும், அப்பாவைத் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த கடைத் தோழர்களுக்கும், அடுப்பு எரியாத எங்கள் வீட்டுக்குச் சோறும் காப்பியும் கொடுத்துவிட்ட தெருக்காரர்களுக்கும், அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசிய உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் நன்றி.

அந்தக் கண்ணில் தீராத ஆசை ஒன்றும் இருக்கவில்லை. அது என்றைக்கும்போல் திறந்திருந்தது, அவ்வளவுதான். ஆசை தீராதவள் நான். மழையில் வாங்கிய டேப் இன்னும் எங்கள் ஃப்ளாட்டில் அப்பா படுத்த கட்டிலின் தலைமாட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைத்ததும் அந்த அறைப்பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். இன்னும் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போயிருக்கலாம், அப்பா.