கிரேக்க வரிகளுக்குக் கோடு போட்டவள்

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த பிறகு என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு ஒதியம்பட்டு வீட்டுக்கு வந்தோம். முதுகில் புண் வராமலிருக்க அவரை அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நான் கடை வேலையை விட்டேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மேசை போட்டு, அதில் லேப்டாப்பை வைத்தேன்.

சென்னைக் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்ய வேலை கொடுத்தது. வெளிநாட்டு நூலகம் ஒன்றில் கிரேக்க மொழியில் ஒரு நற்செய்தி நூல் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆட்டுத் தோலில் கையால் எழுதியது. அதன் போட்டோக்களில் ஒவ்வொரு வரியையும் சுற்றிக் கோடு இழுத்து கம்ப்யூட்டருக்குக் காட்ட வேண்டும். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. சில பக்கங்களில் எழுதியவர் கை தளர்ந்து வரி கீழே சரியும். அங்கே வந்ததும் நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

ஒருநாள் மேலதிகாரி அம்மா போன் செய்தார். நூலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். சென்னையில் ஒரு வாரப் பயிற்சி, பிறகு எழுத்தையே படிக்கிற வேலை.

"போய்ட்டு வாடி" என்றார் கணவர். "அம்மாவும் தம்பியும் பாத்துப்பாங்க."

"அத்தையால உங்களைத் தூக்க முடியாது."

"தம்பி தூக்குவான். நீ கெளம்பு."

கிளம்பினேன். பஸ் இன்னும் வில்லியனூரைத் தாண்டவில்லை. யாரும் கூப்பிடவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

வாசலில் அத்தை என் பையை வாங்கி உள்ளே வைத்தார். மைத்துனர் என் கணவரை ஏற்கெனவே ஒழுங்காகப் புரட்டிப் படுக்கவைத்திருந்தார்.

"இன்னாத்துக்கு வந்த?" என்றார் கணவர்.

"மனசு கேக்கல."

"உனக்கு பயம். என்னைச் சாக்கா வெச்சுக்காத."

எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர்ச் சொம்பை ஓங்கிவிட்டேன். அவர் சொன்னது உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உடம்பைத் திருப்ப அவரால் முடியாது.

அந்த வேலை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. நான் மறுபடி மேசைமுன் உட்கார்ந்தேன். கம்பெனி கொடுத்த பட்டியல்படி அன்று மாற்கு எழுதிய நற்செய்தி முடிந்திருந்தது. அடுத்த பக்கம் முழுக்க வெறும் தோல். முடித்துளைகள் மட்டும் தெரிந்தன. 'வரிகள் இல்லை' என்று குறித்தால்தான் கம்ப்யூட்டர் அடுத்ததான லூக்காவுக்குப் போக விடும். குறிக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

"முதுகு எரியுது" என்றார் அவர். எழுந்து போய்ப் புரட்டினேன்.