முப்பது கதிரைகளும் ஒரு பயணியும்

திருகோணமலைக்குப் போய், கோட்டைக்குள் ஒரு மரத்தடியில் நித்திரை கொண்டுவிட்டுத் திரும்பிய முட்டாள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோட்டையைப் பற்றி என்னிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை, மூதூர் இறங்குதுறை. பாலங்கள் வந்தபின் எல்லோரும் பஸ்ஸில்தான் போகிறார்கள். நான் மட்டும் துறைமுகத்தைக் கடல்வழியாகத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்து, மீனவர் ஒருவரின் படகில் தொற்றிக்கொண்டேன். அண்ணன் முறையில் நான் நானா என்று கூப்பிட்ட அவர் அன்று மீனுக்குப் போகவில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் மகளின் நிக்காஹ். பந்தலில் ஆட்கள் உட்காரக் குறைந்த முப்பது கதிரைகளைத் திருகோணமலையில் இருக்கும் தம்பி வீட்டிலிருந்து ஏற்றிவரப் புறப்பட்டிருந்தார்.

ஏழரைக்கு உள்துறைமுகம். மலைகள் வளைத்துப் பிடித்த தண்ணீர், தூரத்தில் கப்பல்கள்.

"ஒம்பது மணிக்கு இஞ்ச நிக்கணும் தம்பி. பத்துக்குப் பிறகு கச்சான் காத்து எழும்பினா கஷ்டம்."

"ஓம் நானா."

ஐம்பது ரூபாய்க்கு ஒரு பிளேன்டீ. பிறகு வெயிலில் கோட்டைக்கு நடை. அங்கே மான்களே களைத்துப்போய் நிழலில் படுத்திருந்தன. நானும் படுத்தேன். ஐந்து நிமிடம்தான் என்று கண்ணை மூடினேன். விழித்தபோது பத்தே முக்கால். கைபேசியும் உயிரை விட்டிருந்தது.

ஓட்டோ பிடித்துத் துறைக்கு ஓடினேன். படகு போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். கதிரைகளை அடுக்கிக் கட்டிவிட்டு, நானா கரையைப் பார்த்தபடி நின்றார். வீட்டிலிருந்து அவருக்கு அழைப்புக்கு மேல் அழைப்பு.

"நிக்காஹுக்குச் சம்மதம் சொல்ல மகளின்ட வாப்பா நீங்க வேணுமே. என்னை விட்டுட்டுப் போயிருக்கலாமே நானா?"

"ஏத்தி வந்த ஆள விட்டுட்டுப் போற பழக்கம் எங்களுக்கு இல்ல. கதைய விட்டுட்டு ஏறுங்க."

காற்று முகத்தில் அறைந்தது. கதிரைகள் அதைப் பிடித்துக்கொண்டு படகைப் பின்னால் இழுத்தன. நான் ஒரு வாளியால் தண்ணீர் இறைத்தேன். இடையிடையே வாந்தியும் எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நானா படகைக் காற்றுக்கு எதிராகச் செலுத்தினார். மூதூர்க் கரையில் படகு தட்டியபோது பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு அழைக்கும் வாங்கு ஒலிக்கத் தொடங்கியது. காத்து நின்ற உறவினர்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

எங்கள் மட்டக்களப்பில் ஒரு கால் பஸ் படியில் இருக்கும்போதே கொண்டக்டர் விசிலடித்துவிடுவார். மகளின் நிக்காஹை வைத்துக்கொண்டு எனக்காக ஒருவர் காத்து நின்றதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வாளியைப் படகில் வைத்துவிட்டு இறங்கினேன்.

"நானா, நிக்காஹுக்கு நானும் வரட்டா?"

வாந்தி படிந்த என் சேர்ட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"குளிச்சிட்டு வாங்க."