கேப்டன் காளியண்ணனின் கதவு

ஜேடர்பாளையம் வட்டாரத்தில் காளியண்ணன் என்றால் தபால்காரருக்கே தெரியாது, ‘கேப்டன்’ என்றால்தான் தெரியும். அந்தப் பட்டத்தை எந்தச் சர்க்காரும் கொடுக்கவில்லை. நாற்பத்தாறில் கடற்படையிலிருந்து திரும்பியவர், பர்மாக் கரையில் ஜப்பான்காரன் குண்டுமழைக்கு நடுவே சிப்பாய்களை இறக்கிவிடும் படகை ஓட்டியதாக டீக்கடையில் கதை அளந்தார். முப்பது வருசம் அளந்தார். அட, யார் போய்ப் பார்த்தது?

உண்மையில் அவர் படகை ஓட்டவே இல்லை. அந்தப் படகுக்கு மூக்கே ஒரு பெரிய இரும்புக் கதவுதான். படகு கரையில் முட்டியதும் கதவு முன்பக்கம் சாய்ந்து விழும், அதன்மேல் ஓடிச் சிப்பாய்கள் இறங்குவார்கள். கைப்பிடியைச் சுற்றி அந்தக் கதவை இறக்குவதும் தூக்குவதும்தான் காளியண்ணனின் உத்தியோகம். ஒரு விடியற்காலையில் முப்பத்திரண்டு பேரை இறக்கினார். பாதிப் பேர் மணலிலேயே விழுந்தார்கள். ஒருவன் மட்டும் முழங்காலளவுத் தண்ணீரில் படகைப் பார்த்துத் திரும்பி வந்துகொண்டிருந்தான். ‘கதவைத் தூக்கு’ என்று உத்தரவு வந்தது, காளியண்ணன் தூக்கிவிட்டார். அடுத்த நடைக்கு ஆள் ஏற்ற வேண்டுமாம். இதையெல்லாம் டீக்கடையில் எந்த வாயால் சொல்வது? படகு ஓட்டினேன் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

எழுபத்தாறில் வினை லாரியேறி வந்தது. நாமக்கல் லாரி முதலாளி செங்கோட்டையன், கொச்சியில் அதே மாதிரிப் படகொன்றை ஏலத்தில் எடுத்து, இரண்டாக அறுத்துக் கொண்டுவந்து, லாரிப் பட்டறையில் பற்றவைத்தார். லாரி எஞ்சின், லாரி ஸ்டீரிங், ஏர் ஹாரன், முகப்பில் எலுமிச்சம்பழம், பின்னால் ‘ஒலி எழுப்பவும்’. நாமக்கல்காரருக்கு ஓடுவதெல்லாம் லாரிதானே! ஆற்றைக் கடந்து அக்கரைச் சந்தைக்கு ஆள் ஏற்றுவதாகத் திட்டம்.

“கேப்டன், நீங்கதான் ஓட்டோணும்” என்றார்.

காளியண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓட்டினால் நாற்பது உயிர் ஆற்றோடு போகும், உண்மையைச் சொன்னால் மானம் போகும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள், மானமே போய்த் தொலையட்டும் என்று கிளம்பிப் போனார்.

“மொதலாளி, நான் படகு ஓட்டுனதே இல்லீங்க. கதவு தொறந்து மூடுனவனுங்க.”

செங்கோட்டையன் சிரிக்கவில்லை. அவர் வியாபாரி.

“அப்ப ரொம்ப நல்லதாப் போச்சுங்க. ஸ்டீரிங்க நம்ம லாரி டிரைவர் சென்றாயன் புடிக்கட்டும். கதவுக்குத்தான் ஆளில்லாம இருந்துது, நீங்க பாத்துக்குங்க. வெளிய மட்டும் சொல்லீறாதீங்க, கேப்டன்னு நோட்டீசு அடிச்சாச்சு.”

பாவம் மனுசன்! எந்தக் கைப்பிடிக்குப் பயந்து முப்பது வருசம் பொய் சொன்னாரோ, அதையே கையில் கொடுத்துவிட்டார்கள்.

முதல் நடையில் முப்பத்தேழு பேர். அக்கரை நெருங்கியதும் சென்றாயன் பழக்க தோசத்தில் பிரேக்கைத் தேடி மிதித்தார். படகுக்கு ஏது பிரேக்? அது பாட்டுக்குப் போய் மணலில் ஏறி நின்றது. அதைச் செய்ததே அப்படி ஏறத்தான் என்பது காளியண்ணனுக்கு மட்டும் தெரியும். கைப்பிடியைச் சுற்றிக் கதவை இறக்கினார். “வாரேனுங்க கேப்டன்”, “வாரேன் சாமி” என்று ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். ஒருவரும் விழவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் சந்தை முடிந்து ஊர் திரும்ப முப்பத்தாறு பேர் ஏறினார்கள். சென்றாயன் ஹாரனை அடித்து, “கதவத் தூக்குங்க!” என்றார்.

“இன்னும் ஒருத்தர் வரோணும்.”

“சென்னிமலை அண்ணனுங்களா? அவரு மக ஊட்டுக்குப் போயிருக்கறாருங்க. ரெண்டு நாள் தங்கீட்டுத்தான் வருவாரு.”

“எங்கிட்ட வாரேன்னுதான சொன்னாரு?”

“அட கெரகமே! போறவங்க எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க!”

காளியண்ணன் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாடு கறக்க நேரமாகிறது என்று பெண்கள் கத்தினார்கள். கேப்டனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். முதல் நாளென்று கூடவே வந்திருந்த செங்கோட்டையன் கெஞ்சினார், பிறகு வைதார். காளியண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“ஒருக்கா ஆள உட்டுப்போட்டுத் தூக்கீட்டனுங்க. இனிச் செத்தாலும் தூக்கமாட்டேன்.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஆள் வராமல் படகு நகராது என்பது புரிந்தது. செங்கோட்டையன் சந்தையில் ஒரு சைக்கிள்காரரைப் பிடித்து அனுப்பினார். பொழுது சாயும்போது கேரியரில் சென்னிமலை வந்து இறங்கினார். கையில் கோழிக்குழம்பு காயவில்லை.

“எந்த ஊரு நாயமுங்க இது? மக ஊட்டுல ஒரு வாய் திங்க உடமாட்டீங்களா?”

“ஏறுங்க மொதல்ல.”

திட்டிக்கொண்டே ஏறினார். காளியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். கதவு எழுந்து மூடியது.

“நாளைக்கு மறுபடியும் இங்கதான வரோணும் நானு” என்று சென்னிமலை முனகினார்.

“நானே கொண்டாந்து எறக்கி உடறேனுங்க” என்றார் காளியண்ணன். “ஆனாப் பொழுதுக்குள்ள வந்துரோணும்.”