புளி போட்டுத் துலக்கிய செம்புப் பட்டை

எழுபதுகளின் நடுவில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒருவர் சூட்டைப் படம்பிடிக்கும் கேமரா கொண்டுவருகிறார், எங்கள் மின்சாரப் பேனல்களைச் சோதிக்கப் போகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருகிற மாதிரி ஏற்பாடு செய்தேன். அவர் வருவதற்கு முந்தின நாள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெயின் பேனலில் மின்சாரத்தைக் கடத்துகிற, கறுத்துக் கிடந்த செம்புப் பட்டைகளை ஆயுத பூசைக்குச் செய்வதுபோலப் புளி போட்டுத் துலக்கவைத்தேன். அப்படி மின்னியது!

கேமராக்காரர் ஏதோ புகை கக்கும் திரவத்தைக் கேமராவுக்குள் ஊற்றினார். உள்ளே இருக்கும் கருவி உறைந்துபோகிற அளவு குளிர்ந்தால்தான் வெளிச்சூட்டைச் சரியாகப் பிடிக்குமாம். எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறதாம். சின்ன டி.வி. போன்ற திரையில் சூடு வெள்ளையாகவும் குளிர்ச்சி கறுப்பாகவும் தெரிந்தது. கையை நீட்டினேன், ஐந்து விரலும் வெள்ளை. ஓடுகிற மோட்டாரில் தேய்ந்த பேரிங்கைத் தள்ளி நின்றே காட்டிக் கொடுத்தார். எங்கள் செம்புப் பட்டைகள் மட்டும் ஒரே கறுப்பு. பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள், என்னோடு வேலை பார்த்த ஒயர்மேன் வந்தான். கரையான்சாவடிக்காரன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன்.

"அண்ணாத்தே, மெயின் பேனல்ல மூணாவது பொட்டியாண்ட நின்னா மூஞ்சில அனல் அடிக்குது. ஒரு தபா கயட்டிப் பாத்துரலாமா?"

"அம்மாம் பெரிய மிஷினே ஒண்ணும் இல்லன்னுட்டுப் போச்சு. அதுக்கு மேல உனக்குக் கண்ணு கீதாபா?" என்று எல்லார் முன்னாலும் கிண்டலடித்தேன். சிரித்தார்கள். அவன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

அதற்கடுத்த நாள் காலை, அந்தப் பேனலில் மீட்டர் ரீடிங் எடுக்க அவனை அனுப்பியதும் நான்தான். அந்த மூன்றாவது பெட்டியில் பட்டை இணைப்பு உருகி வெடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐயோ, அந்தக் கருகிய வாடையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அவனுடைய வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கேமராக்காரர் திரும்ப வந்து கருகிய பெட்டியைப் பார்த்தார். மிச்சப் பட்டைகளின் மினுக்கைக் கண்டதும், யார் துலக்கியது என்றுதான் முதலில் கேட்டார். பளபளக்கும் உலோகம் எவ்வளவு சூடேறினாலும் அந்தக் கதிரை அதிகம் வெளியே விடாதாம். கண்ணாடி மாதிரி சுற்றியிருப்பதைத்தான் காட்டுமாம். கறுத்தபடியே விட்டிருந்தால் அந்த இணைப்பு திரையில் வெள்ளையாகத் தெரிந்திருக்கும். துலக்கச் சொன்னது நான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனிடம் மட்டும் அதைச் சொல்லி அழுதேன். "உடு அண்ணாத்தே. மிஷினு சொல்லிச்சு, நீ இன்னா பண்ணுவே?" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

எங்கள் வீட்டில் செம்புப் பாத்திரங்களை நான் துலக்க விடுவதில்லை. கூட நிற்கிறவன் 'சுடுகிறது' என்றால் உடனே திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு உறைப்பதற்கு, அவனுடைய வலது கை போகவேண்டியிருந்தது.