ஓட்டத்துக்குள் வளர்ந்த வழுக்கல்

நிர்மலா மிஸ் தன்னாமுனையில் காலமானார் என்று தொலைபேசியில் சொன்னபோது, எங்கள் கணிப்பு மொடல் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்துவது அவருக்குப் பிடிக்காது.

இரங்கல் கூட்டத்தில் அந்த மொடலை அவர் தனியாகவே உருவாக்கியதாகப் பேசினார்கள். பின்வரிசையில் இருந்து கேட்டேன். பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த மாணவர்களான உங்களுக்கு, நான் களுவாஞ்சிக்குடியில் கொம்பியூட்டர் திருத்துகிறவன் மட்டும்தான். நிரல் எழுத நானாகவே பழகியவன். வாவியில் நட்ட கம்புகளில் பாக்டீரியாக்கள் கூடிக் கட்டும் வழுக்கல், நீரோட்டம் இழுத்தால் எப்போது நீளும், எப்போது பிய்யும் என்று கணிப்பதுதான் எங்கள் வேலை. எங்கள் என்றுதான் எழுதுவேன்.

மொடலில் முதலில் பாக்டீரியாக்களைப் புள்ளிகளாக்கி, நடுவில் சுருள்வில் பூட்டியிருந்தேன். திரையைப் பார்த்த மிஸ், "அண்ணன், இது றப்பர்" என்றார். கல்லடிக் கரைக்குக் கூட்டிப்போய்க் கம்பிலிருந்து வழுக்கலை வழித்து என் விரலில் தந்தார். இழுத்து விட்டேன்; றப்பர் போல முழுதாகச் சுருங்காமல் நீண்டபடியே தொங்கியது.

"கொஞ்சம் திரும்பிச்சுதுதானே மிஸ்?"

"ஓம், கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்த எழுதுங்க."

ஒரு மாரிமழையில் முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டிவிட, வாவி கடலுக்குப் பாய்ந்தது. வழுக்கல் முழுவதும் பிய்ந்துபோகும் என்றது மொடல். அமைதியான கரையில் அப்படியே நடந்தது. எப்போதும் ஓட்டமுள்ள பாலத்தடித் தூண்களிலோ ஒட்டியபடி நின்றது. மொடலில் பிழையில்லை, தண்ணீர்தான் பிழை என்று நான் சாதித்தேன். ஒரு கிழமை, ஏழு நாளும் வாதாடிய பிறகுதான் இருவருக்கும் பிடிபட்டது: மொடலில் நாங்கள் எல்லா வழுக்கலையும் அசையாத நீரில் வளர்த்துவிட்டு, அதன்பின் ஓட்டத்தைத் திறந்திருந்தோம்.

"ஓட்டத்துக்குள்ளயே வளந்தது இறுகித்தான் வளரும்" என்று சிரித்தார். "உங்களப் போல."

முடிவுகளை வெளியிடும் வேளையில், பட்டமில்லாதவர் பெயர் எதற்கு என்று ஒருவர் கேட்டார். "அப்ப எண்ட பேரையும் எடுங்க" என்றார் மிஸ். இரண்டு பெயரும் நின்றன. அந்த இரண்டில் ஒன்றை இப்போது அழிப்பது அவருக்குச் செய்யும் மரியாதையல்ல. அவரை அறிந்த நீங்கள் இதைத் திருத்திப் பேசுங்கள்.

மற்றபடி எனக்குக் குறையில்லை. என்னோடு சரிசமமாகச் சண்டைபிடிக்க ஒருவர் கிடைத்தார். இன்றும் எதையும் அசையாத நீரில் வளர்த்துச் சோதிப்பதில்லை. அந்தப் பழக்கம் அவர் தந்தது, அதை வைத்துக்கொள்கிறேன். அன்று நிறுத்தாமல் விட்ட மொடல் மாலையில் ஓடி முடிந்தது. இம்முறை அதிலும் பாலத்தடி வழுக்கல் பிய்யவில்லை.